தொப்பியின் நாதம்

கடைத்தெருவில் அதற்கு 'ஊபர்' என்று பெயர். சப்வூபர் என்று முழுப் பெயர் சொன்னால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். வீட்டிலுள்ள இரண்டு சிறிய ஸ்பீக்கர்களுக்கு எட்டாத கனமான கீழ் ஒலிகளை மட்டும் எழுப்புவதற்கென்று செய்த தனிப் பெட்டி அது.

திருப்பருத்திக்குன்றத்தில் தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "பத்தாயிரத்துக்குள்ளே நல்லதா ஒண்ணு சொல்லுங்க சார்" என்று கேட்டார். கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? கச்சேரி கேட்கிறவனிடம் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்காக நாலைந்து கடை ஏறி இறங்கினேன். மலிவான பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு ஸ்வரந்தான் தெரிகிறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் 'தொம், தொம்' என்று அதையே சாதிக்கின்றன. 1974-ல் 'எர்த்குவேக்' என்ற ஹாலிவுட் படத்துக்காகத் தியேட்டரையே அதிரவைக்கும் 'சென்சரவுண்ட்' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். பூகம்பத்துக்கு அது பொருத்தந்தான். மிருதங்கத்துக்கு?

மிருதங்கத்தின் இடந்தலையைத் தொப்பி என்கிறோம். அதில் பிசைந்த ரவையை அப்பி, கையை அழுத்தி இழுக்கும்போது நாதம் குழைந்து ஏறும், அதுதான் கும்கி. பெட்டியைச் சோதிக்க இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. தெரிந்த ஒரு தனி ஆவர்த்தனத்தைக் கையோடு கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். கும்கி குழைகிறதா, கை நின்றதும் ஒலியும் நிற்கிறதா என்று கவனியுங்கள். நிற்காமல் வால் நீண்டால், அந்தப் பெட்டி வேண்டாம்.

விளம்பரத்தில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருப்பார்கள். அது வெறும் ஜம்பம், ஆர்.எம்.எஸ். என்ன என்று கேளுங்கள். இருபது ஹெர்ட்ஸ் வரை இறங்குமா என்ற கவலையும் வேண்டாம். ஒரு கட்டையில் பாடும் ஆண் வித்வானின் தம்பூராவில் மந்தரத் தந்தியே ஏறக்குறைய அறுபத்தைந்து ஹெர்ட்ஸ்தான். நாற்பதுவரை ஒழுங்காக இறங்கினால் நம் சங்கீதத்துக்குத் தாராளம். சிறிய கூடத்துக்கு எட்டங்குல ஸ்பீக்கர் போதும். துளை வைத்த பெட்டி அதிகம் முழங்கும். மூடிய பெட்டி குறைவாகப் பேசினாலும் தெளிவாகப் பேசும். மலிவு விலையில் மூடியது அபூர்வமாகத்தான் அகப்படுகிறது, அகப்பட்டால் விடாதீர்கள். வீட்டு ஆம்ப்ளிபையரில் 'சப் அவுட்' இல்லையென்றால், ஸ்பீக்கர் ஒயரையே செருகக்கூடிய பெட்டியாகப் பார்க்க வேண்டும்.

பின்புறமுள்ள கிராஸ்ஓவர் குமிழை எண்பதில் வையுங்கள். நூற்றைம்பதுக்கு ஏற்றினால் ஆபத்து! அதே வித்வானின் மத்திய ஸட்ஜம் நூற்று முப்பதுக்குப் பக்கம். பாவம், அவர் பாதிப் பாட்டை மூலையிலிருந்து பாடுவார்.

மூலை என்றதும் நினைவு வருகிறது. நாற்பது ஹெர்ட்ஸ் அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். நம் கூடமே அவ்வளவு இராது. அதனால் ஓரிடத்தில் வீங்கும், ஓரிடத்தில் மறையும். பெட்டியை நாம் உட்காரும் இடத்தில் வைத்துப் பாடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து பாருங்கள். எங்கே தொப்பி சுத்தமாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைக்கலாம். செலவில்லாத வைத்தியம்.

நண்பர் ஊரில் திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர மந்திரி இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. பெட்டியும் குமிழும் இல்லாத காலத்து மண்டபம். நண்பருடைய வீடோ ஒட்டுச்சுவர் வீடு. கீழ் ஒலிக்குச் சுவர் ஒரு பொருட்டே அல்ல. அடுத்த வீட்டில் விடியுமுன் எழுந்து தறியில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய எட்டங்குலப் பெட்டியையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். இரவு ஒன்பதுக்குமேல் அதன் சுவிட்சை அணைத்துவிடும்படியும்.