கதையில் வரும் உயில்

நமது நாவல்களில் கதாநாயகி கரையேற வேண்டிய வேளை பார்த்து எங்கிருந்தாவது ஒரு சொத்து வந்து சேரும். கல்கியின் 'தியாக பூமி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1939-ல் சினிமாவாகவும் வந்த கதை அது. புகுந்த வீட்டில் அல்லல்பட்ட சாவித்திரி, உறவின் வழியே பெருஞ்செல்வம் கைக்கு வந்ததும் உமாராணியாகத் திரும்புகிறாள். கணவனுடன் வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் கொடுக்கவும் தயார் என்கிறாளே, அந்தத் துணிவை நான் இன்றும் ரசிக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வியை அந்தக் கதை கேட்கவில்லை. அந்தச் செல்வம் முதலில் யாருடைய உழைப்பு? சாவித்திரி நல்லவள், ஆகவே பணமும் நல்ல பணமாகிவிடுகிறது. தருமம் செய்ய மனமில்லாத ஒருத்திக்கு அதே சொத்து போயிருந்தால்?

ஆரணியை நினைத்தால் இந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. ஊருக்கு அருகே சத்தியவிஜயநகரத்தில் ஜாகீர்தார்களின் அரண்மனை சிதைந்து நிற்கிறது. ஜாகீர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு இறங்கி வந்தது. பட்டு நெய்கிறவர் பிள்ளைக்கும் பிதுரார்ஜிதம் உண்டு: ஒரு குழித்தறி, பட்டும் சரிகையும் கொடுக்கும் முதலாளியிடம் தகப்பனார் வாங்கிய முன்பணம். அந்தக் கடனைச் சட்டம் மகன் தலையில் கட்டாமல் விடலாம். நாளைக்குப் பாவு வாங்க அதே வாசற்படியைத்தானே அவன் ஏற வேண்டும்!

1948-ம் வருஷத்துச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. நஷ்ட ஈடும் கொடுத்தது. 1953-ல், இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு வரி வந்தது. ஒரு காலத்தில் அதன் உச்ச விகிதம் 85 சதவிகிதம். 1985-ல் அதை எடுத்துவிட்டார்கள். வருஷ வரவு ஏறக்குறைய 20 கோடி ரூபாய்தான், வசூலிக்கும் செலவுக்குக் கட்டவில்லை என்பது காரணம். 2015-ம் வருஷத்துப் பட்ஜெட்டோடு செல்வ வரியும் போயிற்று. சல்லடையில் ஓட்டை பெரிதானால் வேறு சல்லடை வாங்குவோம், சலிப்பதையே விட்டுவிடுவோமா?

குடியிருக்கும் வீட்டையும் தறியையும் தொட வேண்டாம். கோடிக்கணக்கில் இறங்கி வரும் சொத்தில் ஒரு பங்கு ஊருக்குச் சேரட்டும் என்பதே என் கட்சி. உமாராணியின் கருணையில் குறையில்லை. ஆனால் கருணை வந்தால்தான் உண்டு. வராவிட்டால் கேட்க வழியில்லை. வரியைக் கேட்க ஊருக்கு உரிமை உண்டு.

நமது நாவலாசிரியர்கள் இனி உயில் எழுதும்போது, அந்தச் செல்வம் வந்த வழியையும் இரண்டு பக்கம் எழுதட்டும். கதாநாயகி கொஞ்சம் சங்கடப்படுவாள்; கதைக்கு அது நல்லதுதான்.