புறப்பட்டவரும் இடம் கொடுத்தவர்களும்: இப்னு பதூதாவின் ரிஹ்லாவை மீள வாசித்தல்

மலையகத்தைச் சுற்றி அமைக்கப்பட்டுள்ள பீகோ டிரெயில் என்னும் நடைபாதை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் மேல் நீள்கிறது. அதன் முதற்கட்டம் ஹந்தானையில் தொடங்கி எங்கள் கலஹாவில் முடிகிறது. இதனால் முதுகில் பெரிய பையுடன் வெளிநாட்டு இளைஞர்கள் எங்கள் பஸாரில் பிளேன்ரீ குடிப்பது இப்போது புதுமையான காட்சியல்ல. அவர்களிற் சிலர் சொந்த நாட்டில் வேலையை விட்டுவிட்டு ஓரிரு வருடங்கள் ஊர் சுற்றுபவர்கள். எங்கேனும் ஒரு தோட்டத்திலோ சிறு விடுதியிலோ தினமும் சில மணிநேரம் வேலை செய்து, சாப்பாடும் படுக்கையும் பெற்றுக்கொண்டு, அடுத்த நாட்டுக்குப் போவார்கள்.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் கேட்டான்: "டீச்சர், இவங்கட உம்மா வாப்பா ஒண்டும் சொல்றல்லயா? நாங்களும் இப்பிடிப் போவேலாதா?"

"ஏன் ஏலாது, நம்மட இப்னு பதூதா போகல்லயா?" என்றேன். ஆசிரியர்களுக்குக் கைவசம் இருக்கும் பதில் அது. அவன் விடவில்லை. "அவர் பெரிய ஆளு டீச்சர். அவருக்கு ராஜாமார் சல்லி குடுத்த."

அவன் சொன்னது பாதி சரி. மற்றப் பாதியைத் தேடித்தான் ஒரு பாடசாலை விடுமுறையில் ரிஹ்லாவை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். அதுவரை நான் வாசித்திருந்தது இலங்கை பற்றிய பக்கங்களை மட்டுமே என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இது எனது குறை மட்டுமல்ல. அந்நூல் நமக்கு வந்து சேர்ந்த விதமே அப்படி. 1882 இல் ஆல்பர்ட் கிரே மாலைதீவும் இலங்கையும் பற்றிய பகுதியைத் தனியே பிரித்து ஆங்கிலத்தில் தந்தார். 1953 இல் மஹ்தி ஹுஸைன் இந்தியா, மாலைதீவு, இலங்கைப் பகுதிகளை ஒரு நூலாக்கினார். நமது கட்டுரைகளோ அதிலும் சில பக்கங்களையே திரும்பத் திரும்ப எடுத்தாளுகின்றன. புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தது, பாவா ஆதம் மலை ஏறியது, குனக்கார் என்று அவர் குறிப்பிடும் தலைநகர் கம்பளையா குருநாகலா என்ற விவாதம், கொழும்பில் ஜாலஸ்தியிடம் இருந்த 500 அபிசீனியர். "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று கேட்கப்படும் ஒரு சமூகத்துக்கு இத்தகைய சான்றுகள் தேவை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் காணி உறுதியை வாசிப்பதுபோல் ஓர் இலக்கியத்தை வாசித்தால் எல்லைகள் மட்டுமே கண்ணில் படும். வீட்டில் இருந்தவர்கள் தெரியமாட்டார்கள்.

முழு நூலும் ஒரு புறப்பாட்டின் கதை. ஹிஜ்ரி 725 ரஜப் 2 ஆம் நாள், அதாவது 1325 ஜூன் 14 இல், தாஞ்சியரிலிருந்து அவர் வெளியேறுகிறார். வயது 21. துணைக்கு யாருமில்லை. பெற்றோர் இருவரும் உயிருடன் இருக்கிறார்கள். நிய்யத்து ஹஜ் மட்டுமே. வழியில் காய்ச்சல் கண்டு, விழுந்துவிடாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு கட்டிக்கொள்கிறார். தூனிஸ் நகருக்குள் நுழையும்போது உடன்வந்த ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொல்ல ஆளிருக்கிறது. இவரை யாருக்கும் தெரியாது. அழுதுவிடுகிறார். அதைக் கண்ட ஒரு ஹாஜி பக்கத்தில் வந்து பேச்சுக்கொடுத்து ஆறுதல் சொல்கிறார். நமது பாடநூல்கள் காட்டும் மாவீரப் பயணியைவிட, இந்தப் பையனே என் மாணவனுக்கு நெருக்கமானவன்.

ராஜாமார் பணம் கொடுத்தது பிந்திய கதை. டில்லியில் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காழியாக்கி 12,000 தீனார் சம்பளம் கொடுத்தார். அங்கேயே 55,000 தீனார் கடனும் ஏறியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அவரைத் தாங்கியவர்கள் வேறு ஆட்கள். ஸாவியாக்கள், மத்ரஸாக்கள், வக்புச் சொத்துகள். திமிஷ்கில் அவர் கண்ட ஒரு காட்சி மறக்க முடியாதது. ஓர் அடிமைச் சிறுவன் கையிலிருந்து சீனப் பீங்கான் தட்டு விழுந்து உடைகிறது. கூட்டம் சேர்கிறது. ஒருவர் துண்டுகளைப் பொறுக்கச் சொல்லி, பாத்திரங்களுக்கான வக்பின் பொறுப்பாளரிடம் அழைத்துப் போகிறார். துண்டுகளைக் காட்டியதும் புதுத்தட்டு வாங்கப் பணம் கிடைக்கிறது. எஜமானின் அடியிலிருந்து பிள்ளை தப்புகிறான்.

அனத்தோலியாவில் 'அகீ' என்னும் இளைஞர் குழுக்கள். பகலெல்லாம் தொழில் செய்துவிட்டு, அஸருக்குப் பின் அன்றைய உழைப்பைத் தலைவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் பழமும் உணவும் வாங்கி, ஊருக்கு வந்த முஸாபிர்களுக்குப் பரிமாறுவார்கள். லாதிக் நகரில் இரண்டு குழுக்கள் இவரை யார் விருந்தாளியாக்குவது என்று சண்டைக்கே வந்துவிட்டன. மொழி தெரியாத இவர், கொள்ளைக்காரர் பிடித்துவிட்டார்கள் என்று பயந்துபோகிறார்.

இன்றைய பயணி தன் உழைப்பைக் கொடுத்து இடம் பெறுகிறான். ரிஹ்லாவில் தொண்டு செய்பவர்கள் ஊரிலேயே இருந்தவர்கள். அலைந்தவரின் சுதந்திரம் அசையாதவர்களின் உழைப்பில் நின்றது. இந்நூலில் நான் கண்ட பெரிய செய்தி இதுதான். 'தனிமனிதச் சாதனை' என்று நாம் எழுதும் புகழுரைகளில் விடுபடுவதும் இதுதான்.

இந்தக் கண்ணோடு இலங்கைப் பக்கங்களுக்கு வந்தால் அவையும் வேறாகத் தெரிகின்றன. 1344 இல் மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்டவர் காற்றின் போக்கால் இங்கு ஒதுங்குகிறார். முஸ்லிமல்லாத ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், பத்துத் தோழர்களும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து மலைக்கு அனுப்புகிறார். இந்நாட்டு மக்கள் முஸ்லிம் பக்கீர்களைத் தம் வீட்டில், பெண்டுபிள்ளைகளுக்கு மத்தியில் தங்கவைத்துச் சோறு கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். 2018 மார்ச்சில் திகனப் பக்கம் எரிந்ததைப் பார்த்த எங்களுக்கு அந்த வரியைக் கடந்துபோவது இலேசல்ல.

ஆனால் அதே பக்கங்களில் நாம் மேற்கோள் காட்டத் தயங்கும் ஒன்றும் உண்டு. குனக்காருக்கு வெளியே பள்ளிவாசல் வைத்திருந்த ஷேக் உஸ்மான் ஷீராஸியை அரசரும் மக்களும் மதித்தார்கள். அவர் மாடு அறுத்தபோது, மரண தண்டனைக்குப் பதிலாக ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினார்கள். பிறகு ஒரு சந்தையின் வருமானத்தை அவருக்கே எழுதிக் கொடுத்தார்கள். மரியாதையும் வெட்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. 'அன்று எல்லாம் ஒற்றுமை' என்று எழுதுபவரும் 'என்றுமே பகை' என்று எழுதுபவரும் இந்தப் பகுதியை முழுதாக வாசிக்கவில்லை என்றே சொல்வேன்.

நூலின் பெருங்குறை வீடு பற்றிய மௌனம். ஊருக்கு ஊர் மணமுடித்து, மணவிலக்குச் செய்து போகிறார். அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கியதைச் சாமான் வாங்கியதுபோல் சொல்கிறார். திமிஷ்கில் கர்ப்பிணியாக விட்டுச்சென்ற மனைவிக்குப் பிறந்த மகன் இறந்து 12 வருடங்கள் என்பதை, 1348 இல் அங்கு திரும்பியபோதுதான் அறிகிறார். தந்தை மறைந்து 15 வருடங்கள் என்ற செய்தியும் அங்கேதான் கிடைக்கிறது. ஊரை நெருங்கித் தாஸாவுக்கு வந்தபோது, தாயும் கொள்ளைநோயில் போய்விட்டார் என்று தெரிகிறது. நூலை எழுதித் தந்த இப்னு ஜுஸை அலங்கார நடையில் வல்லவர். இப்னு ஜுபைரின் நூலிலிருந்து பல பகுதிகளை எடுத்துச் சேர்த்தவர். ஆனால் இந்த மரணச் செய்திகள் அலங்காரமில்லாமல் ஓரிரு வரிகளில் முடிகின்றன. அந்தக் குறுகல் வேதனையா, மரத்துப்போன மனமா? எனக்கு வேதனையாகவே படுகிறது. அந்த மனைவியர் சொல்லியிருந்தால் இன்னொரு ரிஹ்லா கிடைத்திருக்கும். நம் மலையடிவாரக் கிராமங்களிலிருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போய், பிள்ளைகள் வளர்ந்த பிறகு திரும்பிய தாய்மாரிடமும் ஒரு ரிஹ்லா இருக்கிறது. அதை நமது ஏடுகள் கேட்டு எழுத வேண்டும்.

ஸகாத் பெறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். நமது பங்கீட்டுப் பட்டியல்களில் அந்த வகையை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். சொந்தச் செலவில் நாற்பது நாள், நான்கு மாதம் ஜமாஅத்தில் போகும் வழக்கம் நம்மிடம் உயிரோடு இருக்கிறது. சம்பளத்துக்காக அல்லாமல் வீட்டைவிட்டு இறங்குவது நமக்கு அந்நியமல்ல. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே, மழையில் நனைந்து வரும் பெயர் தெரியாத முஸாபிருக்குத் திறக்கும் கதவு நம் ஊர்களில் எத்தனை? வக்பு என்றாலே கட்டடம் என்றாகிவிட்டது.

அந்த மாணவனுக்கு "போ" என்றும் சொல்லவில்லை, "போகாதே" என்றும் சொல்லவில்லை. தூனிஸ் பக்கத்தையும் உடைந்த தட்டுப் பக்கத்தையும் தமிழாக்கி வகுப்பில் வாசித்தேன். போனால் உம்மாவுக்கு அடிக்கடி கோல் எடு, உனக்குச் சோறு போட்டவர்களின் பெயரை எழுதி வை என்றேன்.

அவன் கேட்டான்: "அந்தத் தட்டுக்குச் சல்லி வச்சுட்டுப் போன ஆள்ட பேர் கிதாபுல இரிக்கா டீச்சர்?"

"இல்ல" என்றேன். நமது கட்டடங்களில் பதித்திருக்கும் சலவைக்கற்கள் அப்போது எனக்கு ஞாபகம் வந்தன.