பெயரில்லாப் பொத்தான்கள்

கலைப் படைப்பில் உருவம் முதன்மையானதா, உள்ளடக்கம் முதன்மையானதா என்ற வாதம் எமது விமர்சன உலகில் நீண்டகாலமாக நடந்து வருகின்றது. ‘உருவவாதிகள்’ என்று ஒரு சாராரை நாம் சாடியிருக்கிறோம். ‘பிரசாரகர்கள்’ என்று அவர்கள் எம்மைச் சாடியிருக்கிறார்கள். இவ்வாதம் கவிதைக்கும் சிறுகதைக்கும் மட்டுமே உரியது என்று எண்ணியிருந்த எமக்கு, அது ஒரு மனிதரின் மாதச் சம்பளத்தையும் தொடக்கூடியது என்பதைக் கைத்தொலைபேசிச் செயலியொன்று அண்மையில் உணர்த்திற்று.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் கற்ற மாணவர் ஒருவர் இன்று அரசாங்கப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கிறார். பிறவியிலேயே பார்வை அற்றவர். தமது வங்கிக் கணக்கைச் சில ஆண்டுகளாகக் கைத்தொலைபேசி மூலம் பிறர் உதவியின்றித் தாமே கையாண்டு வந்தவர். ஒரு நாள் மாலை எமது வீட்டுக்கு வந்து தொலைபேசியை நீட்டினார். “சேர், இதில என்ன பொத்தான் கிடக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்றார்.

வங்கி தனது செயலியைப் புதுப்பித்திருந்தது. எமது கண்ணுக்கு அது அழகாகவே தோன்றிற்று. முன்பிருந்த எழுத்துகள் நீங்கி, அவற்றின் இடத்தில் வர்ணச் சின்னங்கள் வந்திருந்தன: ஓர் அம்பு, ஒரு வீடு, ஒரு நாணயக் குவியல். அவர் விரல் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டபோது தொலைபேசியின் குரல் சொன்னது ஒன்றே: “பெயரிடப்படாத பொத்தான். பெயரிடப்படாத பொத்தான். பெயரிடப்படாத பொத்தான்.” ஐந்து பொத்தான்களுக்கும் அதுவே பெயர். அவற்றுள் ஒன்று பணத்தை அனுப்பும். இன்னொன்று அவரைக் கணக்கிலிருந்து வெளியேற்றிவிடும். எது எதுவென அறிய வழியில்லை.

அன்று தங்கைக்கு அனுப்ப வேண்டிய பணத்தை நாமே அனுப்பிக் கொடுத்தோம். அதற்காக அவர் தமது இரகசிய இலக்கத்தை எமக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கடந்த இரண்டு மாதங்களாக அதைச் சந்திக் கடைக்காரரிடம் சொல்லி வந்ததாகவும் கூறினார். களவு போய்விடும் என்ற அச்சமில்லையா என்று கேட்டோம். “களவுக்குப் பயமில்லை சேர். என்ர சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு எண்டு ஊருக்கெல்லாம் தெரியுது. அதுதான் தாங்கேலாமக் கிடக்கு.”

இந்தக் கைத்தொலைபேசியைப் பார்வையற்றோர் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை அறியாதோர் எம்மிற் பலர். ஐபோனில் 2009ஆம் ஆண்டிலிருந்தே ‘வொய்ஸ் ஓவர்’ என்ற திரைவாசிப்பான் உள்ளது. அதே ஆண்டில் அண்ட்ரொய்டுக்கு ‘ரோக்பாக்’ வந்தது. இவை தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியவையல்ல. தொலைபேசியோடு கூட வருபவை. விரல் தொட்ட இடத்தில் என்ன உள்ளது என்று குரல் சொல்லும். இருமுறை விரைந்து தட்டினால் அது இயங்கும். விரலை வலப்புறம் வழித்தால் அடுத்ததற்குச் செல்லும். பழகியவர் இதனைக் கையாளும் வேகம் எமக்கு வியப்பளித்ததுண்டு. குரலைப் பன்மடங்கு விரைவாக்கி அவர் கேட்பதில் எமக்கு ஒரு சொல்லும் புரிவதில்லை.

ஆனால் திரைவாசிப்பான் படத்தைப் பார்த்துப் பொருள் கூறும் மந்திரவாதியன்று. செயலியை ஆக்கியவர் பொத்தானுக்கு எந்தப் பெயரை எழுதி வைத்தாரோ அதையே அது வாசிக்கும். அண்ட்ரொய்டில் அப்பெயரை எழுதுவதற்கென ஓர் இடம் உண்டு. ஆங்கிலத்தில் அவ்விடத்திற்கு வைத்துள்ள பெயரைத் தமிழாக்கினால் ‘உள்ளடக்க விவரணம்’ என்று வரும். எமது விமர்சன வாதத்தின் பழைய சொல்லே அங்கும் வந்து நிற்கிறது! அம்புச் சின்னம் உருவம். ‘பணம் அனுப்பு’ என்பது உள்ளடக்கம். உருவத்தை வரைவதற்கு ஒருவரை அமர்த்திய நிறுவனம், உள்ளடக்கத்தை எழுத வேண்டிய ஒரே ஒரு வரியை வெறுமையாக விட்டுவிட்டது. ஒரு வரி, இரண்டு சொல். இதற்கு மேல் இதிற் பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. இணையத்தளங்களுக்கான சர்வதேச வழிகாட்டி நெறிகள் 1999இலேயே வெளிவந்து, 2023 வரை பலமுறை திருத்தம் பெற்றுள்ளன. ஆகவே, அறியாமை என்று எவரும் தப்பித்துக்கொள்வதற்கில்லை.

பெயரில்லாப் பொத்தான் ஒரு குறை மட்டுமே. வேறு குறைகளும் உண்டு. இலக்கங்களை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிக் காட்டி, ஆனால் குரலுக்கு ஒன்றும் சொல்லாத இலக்கப் பலகைகள். படத்திலுள்ள கோணல் எழுத்தை வாசித்து ‘நீர் மனிதர்தான்’ என நிரூபிக்கச் சொல்லும் சோதனைகள். கேட்டு முடிப்பதற்குள் காலாவதியாகும் கடவு இலக்கங்கள். கண் உள்ளவரே மனிதர் என்று ஓர் இயந்திரம் தீர்ப்பளிப்பதை விடக் கொடிய நகைச்சுவையை நாம் எந்தக் கதையிலும் வாசித்ததில்லை.

பார்வை உள்ளோர் தமக்கு இனியதைப் பார்வையற்றோர் மீது சுமத்துவது புதிதன்று. பாரிஸ் நகரில் பார்வையற்ற சிறுவருக்கென நிறுவப்பட்ட கல்விக்கூடத்தில் முதலில் வழங்கியவை, வழமையான உரோம எழுத்துகளையே தாளில் மேலெழும்பச் செய்த பெரும் நூல்கள். காண்பதற்கு அவை அழகியவை. தடவி வாசிப்பதற்கோ ஆமை வேகம். அங்கு கற்ற லூயி பிரெயில் என்ற பார்வையற்ற இளைஞர் ஆறு புள்ளிகளைக் கொண்ட தமது முறையை 1829இல் நூலாக வெளியிட்டார். கண்ணுக்கு அப்புள்ளிகள் எழுத்தாகவே தோன்றா. விரலுக்கோ அவை எழுத்து. அக்கல்விக்கூடத்திலேயே அம்முறை சில காலம் ஒதுக்கி வைக்கப்பட்டது. பிரெயில் 1852இல் மறைந்தார். பிரான்சில் அம்முறைக்கு உத்தியோகபூர்வ ஏற்பு 1854இலேயே கிடைத்தது. கணினிக்கான இலவசத் திரைவாசிப்பானாகிய ‘என்.வி.டி.ஏ.’யை 2006இல் ஆக்கத் தொடங்கியவரும் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞரே. தமக்கு வேண்டியதைத் தாமே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் பார்வையற்றோரிடம் என்றும் இருந்துள்ளது. ஆனால் வங்கிச் செயலியை அவர்கள் ஆக்க முடியாது. அது வங்கியின் உடைமை.

இங்குதான் எமது மனிதாபிமானிகள் குறுக்கிடுகின்றனர். “இதென்ன பெரிய விடயம்? யாராவது உதவி செய்வார்கள்தானே” என்பர். உதவி செய்பவர் நல்லவராக இருக்கலாம். சந்திக் கடைக்காரரும் நல்லவரே. அவருடைய நல்ல குணத்தில் அல்ல, அதைச் சார்ந்தே ஒருவர் வாழ வேண்டியிருப்பதில்தான் இழிவு உள்ளது. கூலிக்காரனுக்குப் பண்டிகை நாளிற் சேலையும் வேட்டியும் கொடுக்கும் முதலாளியின் கருணையை எமது கதைகள் எத்தனை முறை தோலுரித்துக் காட்டியுள்ளன! அதே கருணையைப் பார்வையற்றோர் விடயத்தில் நாமே மெச்சிக்கொள்வது பொருந்துமா? எமது சிறுகதைகளில் வரும் பார்வையற்ற பாத்திரங்களை நினைவுகூர்ந்தால், பெரும்பாலும் பாடிப் பிச்சை எடுப்போரையோ, அகக்கண் திறந்த ஞானிகளையோதான் காண்கிறோம். சம்பளம் எடுத்து, கடன் பட்டு, அதை மறைக்க விரும்பும் ஒரு சாதாரண ஆசிரியரைக் காணோம். யதார்த்தவாதிகள் என்று சொல்லிக்கொள்ளும் எமக்கு இது பெருமையன்று.

பெயர் மாற்றத்தில் மட்டும் நாம் சளைக்கவில்லை. ‘குருடர்’ என்ற சொல் போனது நன்றே. ‘வலுவிழந்தோர்’ வந்தது, ‘விசேட தேவையுடையோர்’ வந்தது, ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. மனிதருக்குப் பெயரிடுவதிற் காட்டிய இந்த அக்கறையிற் பத்திலொன்றைப் பொத்தானுக்குப் பெயரிடுவதிற் காட்டியிருக்கலாம்.

“இத்தகையோர் எத்தனை பேர்?” என்பது இன்னொரு கேள்வி. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், பார்ப்பதில் ஏதோ ஒரு வகை இடர்ப்பாடு உடையோராக ஏறத்தாழ 10 இலட்சம் பேர் கணக்கிடப்பட்டனர். இவர்கள் அனைவரும் முற்றாகப் பார்வை இழந்தோர் அல்லர் என்பது உண்மை. ஆனால் ஒரே ஒருவர் இருந்தாலும் வாதம் மாறாது.

1957இல் இந்நாட்டிற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. சாதியின் பெயரால் ஒருவரைக் கடையிலும் பொது இடத்திலும் தடுப்பதை அது குற்றமாக்கிற்று. அச்சட்டத்தின் பெயரைச் சற்று ஊன்றிப் பார்த்தல் வேண்டும். தேநீர்க்கடைக்குள் விடப்படாதவனிடம் எந்தக் குறைபாடும் இருக்கவில்லை. குறைபாடு சமூகத்திடமே இருந்தது. எமது மாணவரின் நிலைக்கும் இவ்விளக்கம் பொருந்தும். அவர் கண் அவர் பிறந்த நாளிலிருந்து அப்படியேதான் இருக்கிறது. சென்ற ஆண்டு அவரால் பணம் அனுப்ப முடிந்தது, இவ்வாண்டு முடியவில்லை. இடையில் மாறியது கண்ணா, செயலியா? இரண்டு ஒடுக்குமுறைகளும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. சாதியத்தின் பின்னால் இருந்த வன்முறை வேறு. ஆயினும், கதவை வைத்தவனே அதைப் பூட்டிவிட்டு, வெளியே நிற்பவனிடம் ‘உனக்குத்தான் குறை’ என்று சொல்லும் நியாயம் இரண்டிலும் ஒன்றே.

பிற நாடுகளில் இது நீதிமன்றம் வரை சென்றுள்ளது. அமெரிக்காவில் டொமினோஸ் நிறுவனத்தின் இணையத்தளத்திலும் செயலியிலும் திரைவாசிப்பானைக் கொண்டு உணவு கேட்டுப் பெற முடியவில்லை எனப் பார்வையற்ற ஒருவர் 2016இல் வழக்குத் தொடுத்தார். கடைக்குரிய சட்டம் செயலிக்கும் பொருந்தும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜனவரியிற் கூறிற்று. அதை மீளாய்வு செய்ய உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஒக்டோபரில் மறுத்தது. இந்தியாவில், கணக்குத் திறக்க வருபவர் கமராவின் முன் கண் சிமிட்டிக் காட்ட வேண்டும் என்ற நடைமுறையைப் பார்வையற்ற ஒருவரும், அமில வீச்சுக்கு உள்ளானோரும் எதிர்த்தனர். எண்ணிம வழிகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் வங்கிச் சேவை, இணைய வாணிபம், மின்னூல் ஆகியன அணுகத்தக்கனவாய் இருத்தல் சட்டக் கடமையாகியுள்ளது.

இலங்கையில் வலது குறைந்தோரின் உரிமைகளுக்கான சட்டம் 1996இலிருந்து உண்டு. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இந்நாடு 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 9ஆம் உறுப்புரை, கட்டடத்தின் படிக்கட்டைப் பற்றி மட்டுமன்றித் தகவல் தொடர்புச் சாதனங்களைப் பற்றியும் பேசுகின்றது. காகிதத்தில் உள்ள உரிமை தானாக நடந்து வருவதில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், அறுபதுகளில் மக்கள் திரண்டு சென்ற பின்னரே யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் பல திறந்தன. செயலியின் முன் திரண்டு நிற்க முடியாது என்பதே இன்றைய சிக்கல். அநீதி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, அவரவர் உள்ளங்கையில் நிகழ்கின்றது. பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிவதில்லை. ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் தமது உறுப்பினரின் சம்பளம் செல்லும் வங்கியிடம் இதைக் கோரிக்கையாக வைத்தால் நிலைமை வேறாகும். நாம் சார்ந்த சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் இதை எழுப்பியபோது, இதர விடயங்களின் கீழ் ஐந்து நிமிடம் தந்தார்கள்.

தமிழருக்கு இதில் இன்னொரு பூட்டும் உண்டு. திரையில் தெரியும் சொற்களைத் தமிழாக்கும் நிறுவனங்கள், குரலுக்கு எழுதும் பெயர்களை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகின்றன. மொழியுரிமை என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்தோடு முடிந்துவிடுகிறதா?

வங்கியைக் குறை கூறும் நாம் எமது வீட்டையும் பார்த்தல் வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் எழுத்துகளாகவே இருப்பதால் திரைவாசிப்பான் அவற்றை வாசிக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்தை அழிவிலிருந்து காத்த பெரும்பணி. ஆயினும் அங்குள்ளவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். காப்பது முதற்படி, வாசிக்கத் தருவது அடுத்த படி. எமது சிற்றேடுகளின் நிலை இதிலும் மோசம். பல இன்னும் பாமினி எழுத்துருவிலேயே அச்சுக்குச் செல்கின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணினியின் உள்ளேயோ அது ஆங்கில எழுத்துகளின் குவியல்.

அந்த மாணவருக்கு இவ்வேட்டின் பழைய கட்டுரையொன்றை, மக்கள் இலக்கியம் பற்றியதுதான், தொலைபேசிக்கு அனுப்பியிருந்தோம். மறுநாள் அழைத்து, தலைப்பை அவர் தொலைபேசி எப்படி வாசிக்கிறது என்று கேட்கச் செய்தார். ‘தமிழ்’ என்ற சொல் வரவேண்டிய இடத்தில், “ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி” என்றது குரல். அவர் சிரித்தார், நாம் சிரிக்கவில்லை. பதினான்கு பக்கங்களையும் ஒருங்குறியில் மீண்டும் தட்டச்சுச் செய்து அனுப்ப எமக்கு இரண்டு இரவுகள் ஆயின. அடுத்த இதழிலிருந்து கட்டுரைகளை ஒருங்குறியிலேயே பெற்றுச் சேமித்து வைக்குமாறு ஆசிரியர் குழுவுக்கு எழுதியுள்ளோம். வங்கிக்கும் இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.