சித்திரவதைக் கூடமும் சிம்மாசனமும்: அறிவொளிக் கால ஐரோப்பா

1762 மார்ச் 10. தெற்கு பிரான்சின் துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்ற துணி வணிகரைச் சக்கரத்தில் கட்டி, எலும்புகளை நொறுக்கிக் கொன்றார்கள். கத்தோலிக்கராக மாறவிருந்த மகனை அவரே கொன்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. புராட்டஸ்டண்ட் குடும்பம் என்பதால் ஊர் வதந்தியே சாட்சியாக நின்றது. சித்திரவதையின்போதும் அவர் குற்றத்தை ஏற்கவில்லை. எழுத்தாளர் வால்டேர் இவ்வழக்கைக் கையிலெடுத்தார். ஓயாமல் கடிதங்கள் எழுதினார். மறு ஆண்டே மதச் சகிப்புத்தன்மை பற்றி ஒரு நூல் எழுதினார். 1765-இல் கலாஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பு வந்தது. பகுத்தறிவை முன்னிறுத்திய பதினெட்டாம் நூற்றாண்டு அறிவொளி இயக்கம் ஐரோப்பாவுக்கு என்ன செய்தது என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த வழக்கு மன்றமே.

நம் புதுச்சேரியும் இந்தக் கதையில் வருகிறது. 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த பிரெஞ்சுத் தளபதி லல்லியைத் துரோகி என்று சொல்லி, 1766-இல் பாரிசில் தலை வெட்டினார்கள். அவருக்காகவும் வால்டேர் எழுதினார். 1778-இல், வால்டேர் சாவதற்குச் சில நாள் முன்பு, அத்தீர்ப்பு ரத்தானது.

தனி ஒருவரின் எழுத்துக்கு இவ்வளவு வலிமை வந்தது படிக்கும் கூட்டம் பெருகியதால்தான். காப்பிக் கடைகளிலும், மதாம் ஜியோஃப்ரன் போன்றவர்களின் வரவேற்பறைகளிலும் நூல்கள் விவாதிக்கப்பட்டன. திதரோவும் தலாம்பேரும் 1751-இல் தொடங்கிய கலைக்களஞ்சியம் 1772-க்குள் 28 தொகுதிகளாக வளர்ந்தது. அவற்றில் 11 தொகுதிகள் படங்கள். குண்டூசி செய்பவர், கண்ணாடி ஊதுபவர், அச்சுக் கோப்பவர் ஆகியோரின் பட்டறைகள் இறையியலுக்கும் தத்துவத்துக்கும் சமமாக அதில் இடம்பெற்றன. உழைப்பவரின் கைத்திறனும் அறிவே என்று சொன்னது அந்நூலின் பெரிய துணிவு. 1759-இல் அரசு உரிமத்தைப் பறித்தபோதும் வேலை மறைவில் நடந்தது. அரசின் தணிக்கைத் தலைவர் மால்ஷெர்பேயே கலைக்களஞ்சியத்தின் காவலராக இருந்தார்.

1764-இல் மிலானைச் சேர்ந்த 26 வயது செசாரே பெக்காரியா, குற்றமும் தண்டனையும் பற்றிய சிறு நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார். சித்திரவதையில் உடல் வலுவுள்ள குற்றவாளி தப்புவான், வலுவற்ற நிரபராதி மாட்டிக்கொள்வான் என்ற அவரது வாதத்துக்கு எந்த நீதிபதியாலும் எளிதில் பதில் சொல்ல முடியவில்லை. பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடெரிக் 1740-இல் பட்டமேற்ற சில நாள்களிலேயே சித்திரவதையைப் பெரும்பாலும் நிறுத்தியிருந்தார். ஆஸ்திரியாவில் அது 1776-இல் ஒழிந்தது. ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரீன் 1767-இல் வெளியிட்ட சட்ட அறிவுரையில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூவிடமிருந்தும் பெக்காரியாவிடமிருந்தும் பக்கம் பக்கமாக எடுத்தாண்டார்.

இந்த அரசர்களின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சித்திரவதையை நிறுத்திய அதே 1740-இல் ஃபிரெடெரிக் சிலேசியாவின் மீது படையெடுத்தார். காதரீன் திதரோவின் நூலகத்தை விலைக்கு வாங்கி, அவரையே அதற்குச் சம்பள நூலகராக்கினார். 1773-இல் திதரோ பீட்டர்ஸ்பர்க் சென்று மாதக்கணக்கில் பேரரசியோடு உரையாடினார். அந்நாள்களிலேயே புகச்சோவின் தலைமையில் பண்ணையடிமைகள் கிளர்ந்தெழுந்து, பின்னர் நசுக்கப்பட்டார்கள். பண்ணையடிமை முறையைச் சாடி எழுதிய ரதீஷ்செவ் 1790-இல் சைபீரியாவுக்குத் துரத்தப்பட்டார். ஆஸ்திரியாவின் இரண்டாம் ஜோசப் மட்டும் 1781-இல் மதச் சகிப்பையும் குடியானவர் விடுதலையையும் ஒருசேரத் தொட்டார். பிரபுக்களின் எதிர்ப்பில், 1790-இல் சாகும் முன்பே பல ஆணைகளை அவர் திரும்பப் பெற நேர்ந்தது.

கலையிலும் இதே இழுபறி தெரிகிறது. ஜோசஃப் ரைட் 1768-இல் தீட்டிய ஓவியத்தில், முன்பு புனிதர்கள் நின்ற ஒளிவட்டத்தில் காற்றுப்பம்பு ஒன்றும் அதைச் சுற்றி வியந்து நிற்கும் ஒரு குடும்பமும் இருக்கின்றன. பொமார்ஷேயின் ஃபிகாரோ நாடகத்தில் வேலைக்காரன் பிரபுவைப் புத்தியால் வெல்கிறான். பதினாறாம் லூயி தடுத்துவைத்திருந்த அந்நாடகம் 1784-இல்தான் பாரிஸ் மேடையேறியது. வியன்னாவில் அந்நாடகத்துக்குத் தடை விதித்த ஜோசப், அதன் அரசியல் வசனங்களை நீக்கி உருவான மொசார்ட்டின் இசை நாடகத்தை 1786-இல் அனுமதித்தார். பேச்சு போய்விட்டது, வேலைக்காரனின் வெற்றியும், பிரபு தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதும் இசையில் தங்கிவிட்டன.

ஆக, மன்னர்கள் தங்கள் அதிகாரத்தைக் குறைக்காத சீர்திருத்தங்களை மனமுவந்து செய்தார்கள். சித்திரவதையை விடுவதால் கருவூலத்துக்கு நட்டமில்லை. பண்ணையடிமைகளை விட்டால் பிரபுக்களின் ஆதரவு போய்விடும். அதனால்தான் பண்ணையடிமை முறை ஒழிய பிரஷ்யாவில் 1807 வரையும், ரஷ்யாவில் 1861 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அறிவொளிக் காலத்தின் நிலையான கொடை என்று நான் கருதுவது, தீர்ப்பையும் ஆணையையும் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் பொதுமக்களைத்தான்.

1786 நவம்பர் 30 அன்று இத்தாலியில் டஸ்கனியின் கோமகன் லியோபோல்டு மரண தண்டனையை ஒழித்தார். 1790-இல் கலவரங்களுக்குப் பயந்து அவரே ஓரளவு அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனாலும் டஸ்கனி மக்கள் இன்றும் நவம்பர் 30-ஐத்தான் தங்கள் மாநிலத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள்.