நிறையும் மூச்சும்: இரு கரைகளில் தாதியர் கற்கும் குழந்தை நலம்

கைக்குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவது சுலபம் என்றுதான் தோன்றும். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் தெரியும் சங்கதி. குழந்தை அழும், பாலுக்குத் தேடும், அம்மா அதைத் தோளில் போட்டுத் தட்டத் தொடங்குவார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிவிடலாமா என்று மனம் குறுக்கு வழி தேடும். அப்படிச் செய்யக் கூடாது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் பெண், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போகும்போது இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, பிறகு ஐந்து வயது வரை 40. எண்ணிக்கை அந்த அளவைத் தொட்டாலே வேகமான மூச்சு.

பச்சிளங்குழந்தை, சிறுவர் நோய்களின் ஒருங்கிணைந்த மேலாண்மை, சுருக்கமாக 'ஐ.எம்.என்.சி.ஐ.', என்னும் இந்தியத் திட்டத்தின் விளக்கப் பட்டியலில் இருப்பவை இந்த எண்கள். அந்தப் பட்டியல் குழந்தைக்கு என்ன நோய் என்று பெயர் வைக்கச் சொல்வதில்லை, எவ்வளவு ஆபத்து என்று நிறத்தால் பிரிக்கச் சொல்கிறது. இளஞ்சிவப்பில் விழுந்தால் உடனே மேல் மருத்துவமனைக்கு, மஞ்சள் என்றால் அங்கேயே மருந்து, பச்சை என்றால் வீட்டுப் பராமரிப்பு. பால் குடிக்க முடியவில்லை, எதைக் கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், இவற்றில் ஒன்று இருந்தால் போதும், மற்ற கேள்விகளுக்காக ஆம்புலன்ஸைக் காக்க வைக்க வேண்டாம். இருபது வயதுப் பெண்ணிடம் ஒரு முடிவை ஒப்படைக்கிற பாடம் இது. எனக்குப் பிடித்தது அதன் இந்தத் துணிச்சல்தான்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தாதியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கும் பெண்ணும் மூச்சு எண்ணுவாள். ஆனால் பெரும்பாலும் வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில், கட்டிலருகே நின்று எண்ணுவாள். கிராமத்தில் அவள் காணப்போவது வேறு. காரணம் பழையது. 1926இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது இலங்கையின் களப்பணி. நோய் தடுப்பது ஒரு கை, நோய் தீர்ப்பது மறு கை என்று அது பிரிந்தே நிற்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் கிளினிக்கில் நிறை பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள், என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பிள்ளைக்கு இருமலும் காய்ச்சலும் என்றால் அம்மா நேரே வெளிநோயாளர் பிரிவுக்கோ தனியார் டொக்டரிடமோ போய்விடுவார்.

அந்தக் களத்தின் சொந்தக்காரி குடும்பநல உத்தியோகத்தர். ஊரார் வாயில் 'மிட்வைஃப் மிஸ்'. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. இவர் தாதி இல்லை, பதினெட்டு மாதத் தனிப் பயிற்சி பெற்றவர். ஆகவே தாதிய மாணவி களத்துக்குப் போகும்போது இவருக்குப் பின்னால் நடக்கிற விருந்தாளிதான். அதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் பின்னால் நடந்து கற்கக்கூடியது நிறைய இருக்கிறது.

பிரசவம் முடிந்த பத்து நாளைக்குள் இரண்டு முறை மிஸ் வீட்டுக்கு வருவார். தொப்புளைப் பார்ப்பார், கண்ணின் மஞ்சளைப் பார்ப்பார், பிறகு பேசாமல் உட்கார்ந்து ஒரு தடவை பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தையின் வாய் முலைக்காம்பை மட்டும் பிடிக்கிறதா, கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். "இரவில நித்திரை கொள்ளுறீங்களோ?" என்று கேட்பது சும்மா விசாரிப்பு இல்லை, அம்மாவின் மனநிலையை அளக்கிற கேள்வி. கிணறு எங்கே, மலசலகூடம் எங்கே, அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்பதையும் கண் குறித்துக்கொள்ளும். எந்த வண்ணப் பட்டியலிலும் அடங்காத படிப்பு இது.

அதோடு கிளினிக் கொப்பி, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு. பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம். பிறந்த நிறையில் தொடங்கிப் பள்ளிக்கூடப் பருவம் வரை அந்த ஒரே கொப்பி. அதன் வளைகோட்டில் இரண்டு மாதம் கோடு ஏறாமல் படுத்துவிட்டால், குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் ஏன் என்று கேட்கக் கற்றுக்கொள்கிறாள் மாணவி. தமிழ்நாட்டிலும் தாய் சேய் அட்டை உண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் அதே வளைகோடுகள்தான். ஆனால் எடை எடுப்பது பெரும்பாலும் அங்கன்வாடியின் வேலையாகவும், ஊசி கிராம சுகாதார செவிலியரின் வேலையாகவும் பிரிந்துபோய், கோடு போடாத அட்டைகள் அம்மாக்களின் பைகளில் மடிந்து கிடப்பதுண்டு.

தடுப்பூசி அட்டவணையை இரண்டு மாணவிகளும் தேர்வுக்கு உருப்போடுகிறார்கள், எண்கள்தான் வேறு. இந்தியாவில் பென்டாவேலன்ட் 6, 10, 14ஆம் வாரங்களில். இலங்கையில் 2, 4, 6ஆம் மாதங்களில். அந்த ஊசி தடுக்கும் நோய்களில் ஒன்றான கக்குவான் இருமல் கொல்வது மிகச் சின்னக் குழந்தைகளைத்தான். அதனால் சீக்கிரம் தொடங்குவது ஒரு நியாயம். இடைவெளி கூடினால் உடம்பின் எதிர்ப்பாற்றல் நன்றாக எழும். அது மற்ற நியாயம். குழந்தை அடுத்த முறையும் தவறாமல் வரும் என்று நம்ப முடிந்த நாடு காத்திருக்கலாம். இந்தக் கணக்கை வகுப்பில் விளக்கினால் அட்டவணையை உருப்போடவே தேவையிருக்காது.

ஊசி போடும் ஒழுங்கைத் தமிழ்நாடு ஒரு துயரத்தின் வழியாகவும் கற்றது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமத்தில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே மாற்றினார்கள். பின்னர்தான் மீண்டும் ஊருக்குள் வந்தது. கரைத்த குப்பியில் நேரம் எழுது, நான்கு மணி நேரத்துக்குள் முடி, மிஞ்சியதைக் கொட்டு, ஊசி போட்ட குழந்தையை அரை மணி நேரம் அனுப்பாதே என்று ஊசி நாளான புதன்கிழமைதோறும் மாணவியின் காதில் விழும் விதிகளைச் சடங்காக எண்ணிவிடக் கூடாது.

2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில், ஆயிரம் பிறப்புக்கு இந்தியாவில் 28 சிசுக்கள் இறந்தன, தமிழ்நாட்டில் 13. இலங்கையில் இது ஒற்றை இலக்கம். மோசமான நோயாளிக் குழந்தையைக் களத்தில் காணும் வாய்ப்பு யாழ்ப்பாணத்து மாணவிக்குக் குறைவு என்பது அந்த நாட்டின் வெற்றி. அவளது படிப்பில் அதுவே ஒரு பள்ளம். விடுதிக்குள் வந்து சேரும் பிள்ளையை ஏற்கெனவே ஒருவர் ஆபத்து என்று தீர்மானித்துத்தான் அனுப்பியிருப்பார். முதல் பார்வையில் பிரித்தறியும் பழக்கம் அவளுக்கு எங்கே வரும்? வெளிநோயாளர் பிரிவின் வரிசையில், டொக்டர் பார்ப்பதற்கு முன், சில வாரம் அவளை உட்கார வைக்கலாம்.

தமிழ்நாட்டின் பள்ளம் வேறு இடத்தில். தெருவுக்கு ஒன்றாய் முளைத்த தனியார் கல்லூரிகளில் சிலவற்றுக்குக் களப்பயிற்சி என்பது பேருந்தில் போய், கையெழுத்து வாங்கி, பதிவேட்டை நிரப்பி வருவது. ஒழுங்கான கல்லூரியிலும் பருவமுறையில் கிராமப் பயிற்சி சில வாரங்கள்தான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரிபோலத் தனக்கென்று ஊர்களை வைத்துப் பணி செய்யும் இடங்கள் அபூர்வம். பி.சி.ஜி. போட்டுப் பார்த்த குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்தில் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி போடும்போது அந்த மாணவி வேறு பிரிவுக்குப் போயிருப்பாள். முதலாண்டிலேயே ஒரு கர்ப்பிணியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்து, பிறக்கும் பிள்ளை நடக்கும்வரை மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்கு அனுப்பினால், செலவு பேருந்துக் கட்டணம் மட்டும்தான்.