தொழிற்பாதுகாப்பும் தேயிலை மலையும்: ஒரு மதிப்பீடு

அரசாங்கத்தின் தொழிற்பாதுகாப்பு முயற்சிகளை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் கண்காட்சிகளையும் பயிற்சி வகுப்புகளையும் எண்ணிக் காட்டுவர். எண்ண வேண்டியவை காயங்களல்லவா? பசறைப் பகுதித் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு இது வெறும் ஏட்டுவினாவன்று.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே இத்துறையில் நமக்கு அடிப்படை. சுழலும் பொறிகளுக்குக் காப்பு வேலி இடப்படல் வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. மரணம் விளைவிக்கும் விபத்தையும், தொழிலாளி ஒருவரை மூன்று நாட்களுக்கு மேல் முழு வேதனம் ஈட்ட இயலாதவராக்கும் விபத்தையும் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். கொழுந்து அரைக்கும் ரோலரில் விரல் சிக்கினால் இச்சட்டம் விழித்துக்கொள்ளும். ஆனால், கொழுந்து பறிக்கும் மலை தொழிற்சாலையன்று. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாளெல்லாம் நிற்பதோ அம்மலையிலேதான்.

அங்குள்ள ஆபத்துகள் வேறு: குளவிக்கூடு, மழையில் வழுக்கும் சரிவு, கவ்வாத்துக் கத்தி, முதுகிற் சுமக்கும் மருந்து டாங்கி. குளவி கலைந்தால் கூடையை எறிந்துவிட்டு ஓடவேண்டும். இடுப்பிலே படங்கு கட்டிக்கொண்டு செங்குத்துச் சரிவில் ஓடுவது எங்ஙனம் என்று கற்பிக்கும் சுவரொட்டியை நான் கண்டதில்லை. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் லயத்துப் பெண்ணொருவர் அவ்வாறு ஓடி விழுந்து தோள் முறிந்தார். பல வாரங்கள் அவருக்குப் பேர் இல்லை. எந்தப் பொறியியலாளரின் கணக்கிலும் அவ்விபத்து ஏறியிருக்க நியாயமில்லை. ஆகவே, விபத்துகள் குறைந்துள்ளன என்று ஓர் அறிக்கை கூறுமாயின், யாருடைய விபத்துகள் என்றே முதலிற் கேட்கவேண்டும்.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் மலைக்கும் பொருந்தும் என்பது உண்மை. 2022இல் அதன் உச்சத்தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டதும் வரவேற்கத்தக்கதே. எனினும், நட்டஈடு காயத்துக்குப் பின் வருவது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம் பற்றிய தேசிய நிறுவகமும் ஆய்வையும் பயிற்சியையுமே பணிகளாகக் கொண்டது.

மலைக்கு மெய்யாக நன்மை செய்த நடவடிக்கையொன்றைக் காட்டுமாறு கேட்டால், பரகுவாட் களைகொல்லி 2008 முதற் படிப்படியாக விலக்கப்பட்டதையே காட்டுவேன். நஞ்சருந்தி மாள்வோரின் தொகையைக் குறைப்பதே அதன் நோக்கம். மருந்தடிப்போர் பெற்ற நன்மை உடன்விளைவு. (நோக்காத இலக்கில் அம்பு தைத்த கதை!) ஆயினும் அங்கே ஆபத்தே அகற்றப்பட்டது, கையுறை அணியுமாறு உபதேசம் மட்டும் செய்யப்படவில்லை. குளவிக்கும் இம்முறை பொருந்தும். கொழுந்துக்கு ஆள் இறங்குமுன் மலையிற் கூடு தேட ஒருவருக்கு அரைப்பேர் போடுவது தோட்டமொன்றுக்குப் பெருஞ்செலவாகாது.

மலை விபத்துகள் முற்றாகப் பதியப்படாதவை என்றும் சொல்வதற்கில்லை. குளவி கொட்டியவரின் பெயரும் திகதியும் தோட்ட மருந்தகப் பதிவேடுகளில் உள. பதுளை மாவட்டத்தின் பதிவேடுகளை மட்டும் தொழில் திணைக்களம் ஆண்டுதோறும் திரட்டிக் கூட்டினாலே, எந்த மலையில், எந்த மாதத்தில், எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும்.