மிலான் நகரின் அம்புரோஸ் திருநாள்: ஒரு மதிப்பீடு

பரிசுத்தவான்களின் திருநாட்கள் பெரும்பாலும் அவர்கள் மரித்த நாளிலேயே ஆசரிக்கப்படுகின்றன. மிலானின் பாதுகாவலராகிய அம்புரோஸ் 397 ஏப்ரல் 4-இல் மரித்தார். அவருடைய திருநாளோ டிசம்பர் 7. 374-இல் அவர் ஆயராக அபிஷேகம் பெற்ற நாள் அது. ஞானஸ்நானமும் பெறாதிருந்த ஓர் ஆளுநரை மக்கள் ஆயராகத் தெரிந்துகொண்டனர். ஆகவே இத்திருநாள் ஊழிய அழைப்பின் நினைவாகும்.

இக்காலத்தில் அந்நாளையொட்டிச் சந்தை கூடுகிறது. 1951 முதல் லா ஸ்காலா அரங்கின் இசைநாடகப் பருவமும் அன்றே தொடங்குவது வழக்கமாயிற்று. முந்தின மாலையில் பேராயர் நகரத்தாருக்கு உரையாற்றுவதும் மரபு. இவ்வுரையே விழாவின் உயிர்நாடி என்பது நம் துணிபு. ஏனெனில், தெசலோனிக்கேயப் படுகொலைக்காக 390-இல் பேரரசர் தெயோதோசியுவை மனந்திரும்பச் செய்தவர் அம்புரோஸ்.

ஆயினும் 388-இல், கல்லினிக்கத்தில் எரிக்கப்பட்ட யூத ஜெப ஆலயத்தை அவ்வூர் ஆயர் கட்டித்தர வேண்டுமென்ற ஆணையை எதிர்த்து, பேரரசரைப் பணியவைத்தவரும் அவரே. துணிவு ஒன்றுதான், ஒருமுறை நீதிக்கும் மறுமுறை அநீதிக்கும் அது துணைநின்றது. முன்னதை மட்டும் போற்றினால் அது வெறும் புகழ்ச்சி. இரண்டையும் அறிக்கையிடுவதே திருச்சபைக்குரிய நினைவுகூருதல். அதிகாரத்தின்முன் பேசும் ஊழியன், தான் யாருக்காகப் பேசுகிறான் என்பதை முதலில் ஆராய்வானாக.